எலயாசர் மறுத்த இரண்டாவது இறைச்சி

தொண்ணூறு வயது யூதப் பெரியவர் ஒருவர் பன்றிக்கறி தின்ன மறுத்து அடிபட்டுச் செத்தார். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆறாம் அதிகாரத்தில் வரும் எலயாசரின் கதையை யாரிடம் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் திருப்பலி வாசகமாக இது வரும். வேலை நாள், கூட்டமும் இருக்காது. "இறைவா உமக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம்.

நானும் பல வருஷம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் சும்மா உட்கார்ந்து வரிவரியாகப் படித்தபோதுதான் 21ஆம் வசனம் கண்ணில் பட்டது. எலயாசருக்கு முன்னால் வந்தது ஒரு இறைச்சி அல்ல, இரண்டு. ஒன்று யூதரின் திருச்சட்டம் விலக்கிய பன்றிக்கறி. மற்றது அவரே தன் வீட்டில் சமைத்து எடுத்து வரலாம் என்று சொல்லப்பட்ட, எந்தக் குற்றமும் இல்லாத கறி. முதலாவதைத் துப்பியபோதுகூட அவர் பிழைத்திருக்கலாம். உயிர் போனது இரண்டாவதை வேண்டாம் என்றதால்தான். அந்த இரண்டாவதைப் பற்றித்தான் இந்த ஆய்வு.

அப்பன் போட்ட ஆணை, மகன் போட்ட ஆணை

எருசலேம் கி.மு. 200ஐ ஒட்டிய ஆண்டுகளில் கைமாறியது. அதுவரை எகிப்தின் தாலமி அரசர்களுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்த ஊர், சிரியாவை ஆண்ட செலூக்கிய அரசர் மூன்றாம் அந்தியோக்கின் வசம் வந்தது. புது அரசர் விவரமானவர். ஊரைப் பிடித்ததும் சலுகைகளை அறிவித்தார். யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் அந்த ஆணைகளை அப்படியே எடுத்து எழுதி வைத்திருக்கிறார். யூதர்கள் தங்கள் முன்னோர் சட்டப்படியே வாழலாம். மூப்பர் அவையினர், குருக்கள், கோவிலைச் சேர்ந்த மறைநூல் அறிஞர்கள், கோவில் பாடகர்கள் ஆகியோருக்குத் தலைவரி இல்லை, உப்பு வரியும் இல்லை.

அதோடு இன்னொரு ஆணையும் உண்டு. யூதருக்கு விலக்கான எந்த விலங்கின் இறைச்சியையும் எருசலேமுக்குள் கொண்டுவரக் கூடாது. குதிரை, கோவேறு கழுதை, கழுதை, சிறுத்தை, நரி, முயல் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். மீறினால் குருக்களுக்கு 3,000 வெள்ளித் திராக்மா அபராதம் கட்ட வேண்டும்.

இந்தப் படத்துக்குள் எலயாசரை வைத்துப் பாருங்கள். சாகும்போது 90 வயது என்று நூல் சொல்வதை ஏற்றுக்கொண்டால், அவர் கி.மு. 257 வாக்கில், தாலமியர் காலத்தில் பிறந்தவர். ஆட்சி மாறியபோது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்திருப்பார். மறைநூல் அறிஞர்களில் முதன்மையானவர் என்று நூல் அவரை அறிமுகப்படுத்துகிறது. அந்த வரிவிலக்கு வந்தபோது அவரோ அவரோடு பழகியவர்களோ அதனால் பயன்பட்டிருப்பார்கள். செலூக்கிய அரசு என்றால் நம் சட்டத்துக்குக் காவல் நிற்கும் அரசு என்று நம்பி வாழ்ந்த தலைமுறை அது.

சுமார் முப்பது வருஷம் கழித்து அதே அரசரின் மகன் நான்காம் அந்தியோக்கு அரியணையில் இருக்கிறார். விலக்கான கறியை ஊருக்குள் கொண்டுவந்தால் அபராதம் என்றது அப்பன் ஆணை. அதைத் தின்னாவிட்டால் சாவு என்றது மகன் ஆணை. முதல் அதிர்ச்சி இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கிருந்தோ வந்த எதிரி செய்திருந்தால் கதை வேறு.

நடுவில் என்ன ஆயிற்று? பெரும்பாலும் பணம். மூன்றாம் அந்தியோக்கு கி.மு. 190ஐ ஒட்டி மக்னேசியாவில் ரோமிடம் தோற்றார். 188இல் கையெழுத்தான அப்பாமேயா உடன்படிக்கைப்படி ரோமுக்கு மொத்தம் 15,000 தாலந்து (அந்தக் காலத்துப் பெரிய எடை அளவு) வெள்ளி தர வேண்டியிருந்தது. பின்னாளில் அரசரான மகன் பல ஆண்டு ரோமில் பிணைக்கைதியாக இருந்தார். கடன் கழுத்தை நெரிக்கும்போது கோவில் கருவூலங்கள் மேல் கண் போவது எல்லாக் காலத்திலும் நடப்பதுதானே.

மகன் கி.மு. 175இல் பட்டத்துக்கு வந்ததும், எருசலேமில் தலைமைக் குரு ஓனியாவின் சொந்தத் தம்பி யாசோன் அரசரிடம் போனார். 360 தாலந்து வெள்ளி, வேறொரு வருவாயிலிருந்து 80, கிரேக்க உடற்பயிற்சிக்கூடம் கட்ட அனுமதி கொடுத்தால் மேலும் 150 என்று பேசி அண்ணன் பதவியை வாங்கினார். மூன்று வருஷம் கழித்து மெனலா என்பவர் 300 தாலந்து கூடுதலாக ஏலம் கேட்டு யாசோனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். பலி செலுத்த வேண்டிய குருக்களே, வட்டெறிதலுக்கு அழைப்பு வந்ததும் பலிபீடத்தை விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடினார்கள் என்று நூலாசிரியர் பொருமுகிறார். அதாவது, ஆணை வருவதற்கு முன்பே ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது.

கி.மு. 168இல் எகிப்தின் மேல் படையெடுத்த அரசரை அலெக்சாந்திரியாவுக்கு அருகில் ரோமத் தூதர் பொப்பிலியுஸ் லேனாஸ் மறித்தார். கைத்தடியால் அவரைச் சுற்றி மணலில் ஒரு வட்டம் போட்டு, வெளியே கால் வைக்கும் முன் பதில் வேண்டும் என்றார். அரசர் பின்வாங்கினார். அரசர் இறந்துவிட்டார் என்று பரவிய வதந்தியை நம்பி யாசோன் எருசலேமைத் தாக்கினார். அரசர் அதைக் கலகமாகவே எடுத்துக்கொண்டார். ஆணைக்கு முன்பே யூதர்களின் கிளர்ச்சி தொடங்கிவிட்டது, ஆணை அதற்கான பதிலடி என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மெனலா கூட்டமே தூண்டிவிட்டது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்துதான் நடந்திருக்கும் என்று படுகிறது.

கி.மு. 167 முடிவில் கோவில் பலிபீடத்தின் மேல் வேற்றுப் பீடம் ஏறியது. தானியேல் நூல் அதைத்தான் 'நடுங்கவைக்கும் தீட்டு' என்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் 'பாழாக்கும் அருவருப்பு'. கோவிலுக்குக் கிரேக்கத் தெய்வமான ஒலிம்பிய சேயுசின் பெயர் வைத்தார்கள். ஓய்வுநாள் கடைப்பிடிக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் செய்யக் கூடாது, திருச்சட்டச் சுருள் வைத்திருக்கக் கூடாது. மாதாமாதம் அரசரின் பிறந்த நாளன்று படையல் உண்ண ஆட்களை இழுத்துக்கொண்டு போனார்கள்.

படையல் என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். எலயாசர் வாயில் திணித்தது கசாப்புக் கடையில் வாங்கி வந்த கறி அல்ல, பலியிட்டுப் படைத்த கறி. பன்றி குளம்பு பிளந்தது, ஆனால் அசை போடாது. அதனால் விலக்கு என்கிறது லேவியர் நூலின் 11ஆம் அதிகாரம். இங்கே அந்த விலக்கோடு வேறு தெய்வத்துக்குப் படைத்தது என்ற தீட்டும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வாய் உண்டால் இரண்டு வேலி தாண்டியாயிற்று.

அந்த நாளில் நடந்தது

வாயை வலுக்கட்டாயமாகத் திறந்து கறியைத் திணித்தார்கள். அவர் துப்பினார். துப்பிவிட்டு, யாரும் இழுக்காமல், தண்டனைக் கருவியை நோக்கித் தானாகவே நடந்தார். அந்தக் கருவிக்குக் கிரேக்க மூலத்தில் 'தும்பனொன்' என்று பெயர். பறைக்கும் மத்தளத்துக்கும் அதே சொல்தான். ஆளைக் கட்டிவைத்து அடிப்பார்கள்.

அங்கே ஒரு சின்ன இடைவேளை வருகிறது. படையலுக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் அவருக்கு வெகுநாள் பழக்கம். அவரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார்கள். உங்களுக்கு ஆகிற கறியை நீங்களே சமைத்துக் கொண்டுவாருங்கள். அரசர் சொன்ன படையலைத் தின்பதுபோல் காட்டிக்கொண்டு அதைத் தின்றுவிடுங்கள், போதும். உயிர் தப்பும், பழைய பழக்கத்துக்காக மரியாதையாகவும் நடத்துவோம். நம்மூர்ப் பேச்சில் என்றால், "பெரியவரே, யாருக்குத் தெரியப்போகுது, ஒப்புக்கு ஒரு வாய்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருப்பார்கள்.

இதில் தவறு எங்கே இருக்கிறது என்று திருச்சட்டத்தைப் புரட்டினால் சட்டென்று அகப்படாது. அவர் கொண்டுவருவது ஆட்டுக்கறி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறி ஆட்டுக்கறிதான். படைக்கப்படாதது. வீட்டில் முறைப்படி சமைத்தது. வயிற்றுக்குள் போவதில் ஒரு குற்றமும் இல்லை. சட்டத்தைக் கரைத்துக் குடித்த ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது. அவருடைய பதிலிலும் அந்தக் கறி தீட்டு என்று ஒரு சொல் இல்லை.

தன்னைச் சீக்கிரம் பாதாளத்துக்கு அனுப்பச் சொன்னார். பிறகு காரணம் சொன்னார். இப்படி நடிப்பது என் வயதுக்கு ஆகாது. தொண்ணூறு வயதில் எலயாசர் அயலார் சமயத்துக்குப் போய்விட்டார் என்று இளையோர் பலர் நினைப்பார்கள். கொஞ்ச காலம் கூட வாழ்வதற்காக நான் போடும் வேஷத்தால் அவர்கள் வழி தவறுவார்கள், என் முதுமைக்கும் கறை. மனிதரின் தண்டனைக்கு இப்போது தப்பினாலும், உயிரோடிருந்தாலும் செத்தாலும், எல்லாம் வல்லவரின் கைக்குத் தப்ப முடியாது. 24ஆம் வசனத்திலிருந்து 31 வரை எண்ணிப் பார்த்தேன், இளையோர் என்ற பேச்சு மூன்று முறை வருகிறது. பன்றி என்ற பேச்சு ஒரு முறைகூட இல்லை.

அவர் கவலையெல்லாம் வாய்க்குள் என்ன போகிறது என்பதில் இல்லை, வெளியே நிற்பவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதில். அந்த யோசனையைச் சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அது பலிக்க வேண்டுமானால் பொய் கடைசிவரை நிற்க வேண்டும். அவர் தின்றது ஆட்டுக்கறி என்று வெளியே தெரிந்த மறுநாளே அவருக்கும் சாவு, அவரைக் காப்பாற்றியவர்களுக்கும் சாவு. ஆக, ஊர் முழுக்க அவர் படையல் தின்றவராகவே அறியப்பட வேண்டும். இருபது வயதுப் பையன் என்றால் நிலைமை மாறிய பிறகு, "அன்றைக்கு நான் தின்றது வேற கறி" என்று விளக்கிச் சொல்ல நாள் இருக்கும். தொண்ணூறில் அதற்கெல்லாம் ஏது நேரம்? அதுவே அவரைப் பற்றிய கடைசிச் செய்தியாகிவிடும். வயதை அவர் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் கௌரவம் மட்டும் என்று நான் முன்பு நினைத்திருந்தேன். கணக்கும் அதில் இருக்கிறது.

அடுத்து வரும் வசனம் இந்த அதிகாரத்திலேயே மனிதக் குணத்தை மிக நன்றாகத் தெரிந்தவர் எழுதியது. சற்று முன் பரிவோடு பேசியவர்கள் அவர் பேச்சைக் கேட்டதும் வெறுப்பாக மாறினார்கள். அவர் சொன்னது அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கைகொடுக்க நீட்டியவரின் கையைத் தட்டிவிட்டால் வரும் கோபம் அது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கலாம். அந்தப் படையல் பொறுப்பில் அவர்கள் இருப்பதே ஒரு சமாளிப்பால்தான் என்றால், ஒப்புக்கு ஒரு வாய் என்பது அவர்கள் தினமும் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமாகவும் இருந்திருக்கும். பெரியவர் அதை வேண்டாம் என்று சொன்னபோது அவர்கள் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அடியில் உயிர் போகும் தறுவாயில் அவர் முனகியபடி சொன்னதையும் நூல் பதிவு செய்கிறது. உடம்பு கடுமையான வேதனையில் இருக்கிறது, ஆனால் ஆண்டவருக்கு அஞ்சுவதால் உள்ளத்தில் மகிழ்ச்சியோடுதான் தாங்குகிறேன். வலிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. சமயத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் கதைகளில் பிற்காலத்தில் வந்து சேர்ந்த அந்த மரத்துப்போன சிரிப்பு இங்கே இல்லை. மறுமைப் பரிசு பற்றியும் அவர் பேசவில்லை. உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை அடுத்த அதிகாரத்தில்தான் வாய் திறக்கிறது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்

எல்லோரும் எலயாசர் மாதிரி இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மக்கபேயர் முதல் நூல் ஒளிக்காமல் சொல்கிறது: இஸ்ரயேலரில் பலர் மனமுவந்து சிலைகளுக்குப் பலியிட்டார்கள், ஓய்வுநாளை மீறினார்கள். அந்த நெருக்கடியில் ஆளுக்கொரு வழி இருந்தது.

பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் செய்த இரண்டு பெண்களைக் குழந்தைகளோடு ஊர்வலம் விட்டு மதிலிலிருந்து தள்ளினார்கள். சிலர் குகைக்குள் ஒளிந்து ஓய்வுநாள் கொண்டாடினார்கள். கண்டுபிடித்தபோது, நாளின் புனிதத்தை மீறக் கூடாதென்று கையைத் தூக்காமலே எரிந்து செத்தார்கள். இதே போன்ற ஒரு நிகழ்வில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்ததாக முதல் நூல் கணக்குச் சொல்கிறது.

மோதயின் ஊரில் குரு மத்தத்தியாவுக்கும் சலுகை வந்தது. நீர் பெரிய மனிதர், நீர் முதலில் பலியிட்டால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்றார்கள் அரச அதிகாரிகள். எலயாசர் விஷயத்திலும் அதே கணக்குதான் ஓடியிருக்கும். பெரிய தலை சாய்ந்தால் சின்னத் தலைகள் தானாகச் சாயும். மத்தத்தியா மறுத்தார். பலியிட முன்வந்த யூதன் ஒருவனைப் பலிபீடத்திலேயே வெட்டினார், அதிகாரியையும் வெட்டினார், பிள்ளைகளோடு மலைக்கு ஓடினார். குகைச் சாவுகளைக் கேள்விப்பட்டதும் அவரும் தோழர்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஓய்வுநாளில் தாக்க வந்தால் திருப்பி அடிப்போம், இல்லாவிட்டால் நம் இனமே மிஞ்சாது. சட்டத்தைக் காப்பாற்றச் சட்டத்தை வளைத்தார்கள். அவர் மகன் யூதா மக்கபே கி.மு. 164இல் கோவிலை மீட்டுத் தூய்மைப்படுத்தியதைத்தான் இன்றும் யூதர்கள் அனுக்கா விழாவாக எட்டு நாள் விளக்கேற்றிக் கொண்டாடுகிறார்கள்.

முதல் நூலில் இந்த எலயாசர் இல்லை, இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தில் ஏழு பிள்ளைகளைப் பறிகொடுக்கும் தாயும் இல்லை. அது வென்றவர்களின் கணக்குப் புத்தகம். இரண்டாம் நூலாசிரியரோ மறைசாட்சிகள் சிந்திய இரத்தத்துக்குப் பிறகுதான் கடவுளின் கோபம் தணிந்து யூதாவுக்கு வெற்றி வந்தது என்று கதையை அமைக்கிறார். நடுவில் அவரே குறுக்கிட்டு, இந்தத் துன்பம் அழிப்பதற்கு அல்ல, நம் இனத்தைத் திருத்துவதற்கு என்றும் சொல்கிறார். அந்த இடம் எனக்கு ஒப்பவில்லை. மதிலிலிருந்து விழுந்த கைக்குழந்தைக்கு என்ன திருத்தம்?

அந்தத் தாயின் கதையைத் தனியாக எழுத வேண்டும். இங்கே ஒரே ஒரு விஷயம். ஆறு பிள்ளைகள் கண் முன்னால் சாகிறார்கள். கடைசிப் பையனுக்கு அரசர் செல்வமும் பதவியும் தருவதாகச் சொல்கிறார், அவனுக்குப் புத்தி சொல்லும்படி தாயை வற்புறுத்துகிறார். அவள் சரி என்பதுபோல் மகன் பக்கம் குனிந்து, அரசருக்குப் புரியாத தாய்மொழியில் பேசுகிறாள். ஒன்பது மாதம் சுமந்தேன், மூன்று வருஷம் பாலூட்டினேன், எனக்காக இரங்கி, சாவை ஏற்றுக்கொள் என்கிறாள். எலயாசருக்கு நடிப்பு ஆகவில்லை. இந்தத் தாயோ அரசர் முன்னால் சம்மதித்ததுபோல் நடித்து, அந்த நடிப்பாலேயே பையனிடம் பேச வழி செய்துகொண்டாள். அவள் பெயரை நூல் சொல்லவில்லை. சிரியத் திருச்சபை மரபில் அவள் ஷ்முனி. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடையே 'மர்த்த ஷ்முனி' என்ற பெயர் இன்றும் புழங்குகிறது.

எவ்வளவு நம்பலாம்

நூல் தன்னைப் பற்றி நேர்மையாகவே சொல்லிக்கொள்கிறது: சீரேன் ஊர் யாசோன் (பதவியை வாங்கிய குரு அல்ல, வேறொருவர்) ஐந்து தொகுதிகளாக எழுதியதன் சுருக்கம் இது. அந்த ஐந்தும் இன்று கிடைக்கவில்லை. முன்னால் இணைத்திருக்கும் கடிதத்தில் உள்ள தேதி கி.மு. 124க்குச் சமம், அதாவது நிகழ்ந்து நாற்பது வருஷம் கழிந்து. தாய் கதையில் அரசரே நேரில் உட்கார்ந்திருப்பதும், ஏழு என்ற எண்ணும், பேச்சுகளின் மெருகும் கதைசொல்லியின் கைவண்ணம் என்று பார்த்தவுடன் தெரியும். எலயாசர் பகுதியில் அரசர் வருவதில்லை. உள்ளூர் அதிகாரிகளும் பழைய பழக்கமும்தான் வருகின்றன. அதனாலேயே இதில் கொஞ்சம் நிஜத்தின் வாடை கூடுதலாக அடிக்கிறது எனக்கு.

ஒரு வேடிக்கையும் உண்டு. கிரேக்க வாழ்க்கைமுறையைத் திட்டும் இந்த நூல் தேர்ந்த கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. நண்பர்கள் தப்பிக்க வழி சொல்ல, வயதான ஞானி அதை மறுத்து, தன் வாழ்க்கைக்கு ஏற்ற சாவைத் தேர்ந்தெடுப்பது என்றால் படித்த கிரேக்கருக்கு உடனே சாக்ரடீஸ்தான் நினைவுக்கு வருவார். ஆசிரியருக்கும் அது தெரிந்தேதான் இருக்கும்.

பிற்காலத்துச் சட்டம்

எலயாசர் செய்தது எல்லோருக்கும் கடமையா? யூத மரபு இதைச் சும்மா விடவில்லை. திருச்சட்டத்தைக் கடைப்பிடிப்பவர் அதனால் வாழ்வார் என்று லேவியர் 18:5 சொல்கிறது. அதனால் வாழத்தான், சாக அல்ல என்று யூத சமய ஆசான்களான ரபிகள் அதற்கு விளக்கம் சொன்னார்கள். லோது நகரில் நித்சா என்பவரின் வீட்டு மேல்மாடியில் கூடிய அறிஞர்கள் எடுத்த முடிவை, ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூது பதிவு செய்திருக்கிறது: கொல்வேன் என்று மிரட்டினால் எந்தக் கட்டளையையும் மீறிப் பிழைத்துக்கொள், மூன்றைத் தவிர. சிலைவழிபாடு, முறைகெட்ட உறவு, கொலை.

இதை வைத்துப் பார்த்தால் பன்றிக்கறியை மட்டும் தின்று பிழைத்திருக்கலாம். ஆனால் அதோடு ஒரு துணைவிதி சேர்கிறது. சமயத்தையே அழிக்க அரசு ஆணை போட்டிருக்கும் காலமானால், அல்லது பத்து யூதர் முன்னிலையில் பகிரங்கமாக நடந்தால், மிகச் சிறிய கட்டளைக்கும் உயிரைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு சிறியது என்ற கேள்விக்குப் பதில்: செருப்பு வாரைக் கட்டும் விதத்தை மாற்றுவதானாலும். எலயாசரின் பெயர் அங்கே வருவதில்லை. ஆனால் அவர் அந்த இடைவேளையில் சொன்ன காரணம்தான் விதியாகி நிற்கிறது. செருப்பு வாருக்கு என்ன புனிதம்? பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் அந்த விதி.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். 1160களில் மொராக்கோவில் அல்மோகாத் ஆட்சியாளர்கள் யூதர்களை இஸ்லாமிய விசுவாச உறுதிமொழியைச் சொல்ல வைத்தார்கள். சொன்னவர்கள் எல்லாம் துரோகிகள், அவர்கள் வீட்டுக்குள் செய்யும் வேண்டுதலுக்கும் பயனில்லை என்று ஒரு ரபி தீர்ப்புச் சொன்னார். அந்தக் காலத்துப் பெரிய யூத அறிஞர் மைமோனிடிஸ் கொதித்துப்போய்ப் பதில் எழுதினார். இவர்கள் கேட்பது வாய்ச்சொல் மட்டும். வீட்டுக்குள் சட்டத்தைக் கடைப்பிடிக்க முடிகிறது. அதற்காக உயிரைக் கொடுத்தவனுக்குப் பெரும் புகழ் உண்டு, ஆனால் கொடுக்கலாமா என்று கேட்டால் சொல்லிவிட்டுப் பிழைத்துக்கொள் என்பதே பதில். கூடிய சீக்கிரம் ஊரைக் காலி செய்துவிட்டு, சமயத்தைக் கடைப்பிடிக்க முடிகிற இடத்துக்குப் போ. ஒளிவில் செய்யும் ஒரு சின்ன நற்செயலுக்கும் பலன் உண்டு.

சாதாரணக் குடும்பத்தவன் ஒருவன் என்னிடம் கேட்டால் மைமோனிடிசைத்தான் காட்டுவேன். மொராக்கோவில் ஆயிரக்கணக்கானோர் ஒரே மாதிரி வாயசைத்தார்கள். யார் எதற்காக அசைத்தார்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். எலயாசரை ஒருவராகப் பிரித்தெடுத்து மேடையில் நிறுத்தினார்கள். ஊரறிந்த முகம், வெளியே போக வழியில்லை, பிறகு திருத்திக்கொள்ள வயதும் இல்லை.

கதை அதோடு நிற்கவில்லை. மக்கபேயர் நான்காம் நூல் என்று அழைக்கப்படும் பிற்கால உரையில் எலயாசர் குருவாகவும் தத்துவ ஞானியாகவும் வளர்ந்து, அரசரிடமே நேருக்கு நேர் வாதாடுகிறார். புரொட்டஸ்டண்ட் தமிழ் வேதாகமத்தில் மக்கபேயர் நூல்கள் இல்லை. ஆனாலும் எபிரெயர் 11:35இல் 'விடுதலைபெறச் சம்மதியாமல்' வாதிக்கப்பட்டவர்கள் என்று ஒரு வரி ஓடுகிறது. வாதிக்கப்பட்டார்கள் என்பதற்குக் கிரேக்கத்தில் இருக்கும் வினைச்சொல், எலயாசர் நடந்துபோன அந்தத் தும்பனொனிலிருந்து பிறந்தது.

தல்மூதின் கித்தீன் ஏட்டில் ஏழு பிள்ளைகளின் தாய் மறுபடி வருகிறாள். இப்போது அரசர் அந்தியோக்கு இல்லை, ரோமப் பேரரசர். பன்றிக்கறியும் இல்லை, சிலைக்கு வணக்கம். ஆறு பேரைக் கொன்றபின் கடைசிப் பையனிடம் பேரரசர் இறங்கி வருகிறார். நீ சிலையை வணங்கவே வேண்டாம். என் முத்திரை மோதிரத்தை உன் முன்னால் கீழே போடுகிறேன், குனிந்து எடு. பார்ப்பவர்கள் நீ பணிந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்வார்கள், அது போதும். பையன் குனியவில்லை. "உம்முடைய மரியாதைக்கே இவ்வளவு பார்க்கிறீரே அரசே, புனிதரான அந்தக் கடவுளுடைய மரியாதைக்கு எவ்வளவு பார்க்க வேண்டும்?" என்று கேட்டான்.